தின்னர் போட்டுத் துடைத்த ஜன்னல்கள்

அன்புள்ள சேவியர்,

இதைப் படித்து முடிக்கும்வரை படகு நிற்கிற டிரெய்லரை வண்டியில் மாட்டாதே. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் கடலில் இறக்கப்போவதாகச் சொன்னாய். புதுப் பெண்டாட்டி கலையை ஏற்றிக்கொண்டு கடலூர் வரைக்கும் போய் வருவதாகவும் சொன்னாய். இப்போதைக்கு வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நாள் சரியில்லை என்று ஏதோ சாக்குச் சொல்லப்போகிறேன் என்று நினைக்காதே. ஜன்னல் சரியில்லை. நான் போட்ட ஜன்னல். கெடுத்ததும் நான்தான். இந்த நாலு வார்த்தையைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தபோது மூன்று தடவை கூப்பிட்டேன். முதல் தடவை சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இரண்டாம் தடவை அங்கே மழை உண்டா என்று கேட்டேன். மூன்றாம் தடவை நீயே, "இன்னாப்பா, ஏதோ சொல்ல வந்துட்டு முழுங்கிக்கினு இருக்கீங்க?" என்றாய். "ஒண்ணும் இல்லடா, சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா தலையைத் தூக்கி, "நீங்களே சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்றாள். என்ன விஷயம் என்று அவளுக்கு நான் சொல்லவே இல்லை. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு, நான் எதையோ மறைக்கிறேன் என்பது நான் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே தெரிந்துவிடும். எனக்குக் கண்ணாடி வெட்ட வரும், பேச வராது. அதனால்தான் கடையில் அளவு குறிக்கிற நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதுகிறேன். ஓரத்தில் யாரோ ஒருவர் வீட்டு பாத்ரூம் ஜன்னல் அளவு இருக்கும், கண்டுகொள்ளாதே.

இதை எழுதுகிற இடம் கிளியனூர். உன் மாமா இருதயராஜ் வேர்க்கடலை காயப்போடுகிற மல்லாட்டைக் களத்தில், உன் படகுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். காலை மணி பதினொன்று. உள்ளே காற்று நன்றாக வருகிறது. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ இந்தப் படகைக் கொண்டுவந்து இங்கே இறக்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ வேலை செய்கிற படகுப் பட்டறையில் யாரோ விட்டுவிட்டுப் போன பழைய பாய்மரப் படகு. இரண்டு பேர் படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது, அவ்வளவுதான் உள்ளே இடம். கடலில் இருக்க வேண்டியது மல்லாட்டைக் கொடிக்கு நடுவில் வந்து நின்றதைப் பார்க்க ஊரே வந்தது. களை எடுக்க வந்த அம்மா ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, "இதுல ஏசி கீதா தம்பி?" என்று கேட்டாள். உன் மாமா தினமும் ஒரே பாட்டு. "மல்லாட்டை காய வைக்க எடம் இல்ல மச்சான். ஒங்க புள்ள ஜல்தியா இத கடலுக்கு இட்டுக்கினு போனா தேவல. பேஜாரா கீது." வாய்தான் அப்படி. மழை வந்த அன்று தன் மல்லாட்டையை விட்டுவிட்டு முதலில் உன் படகுக்குத்தான் தார்ப்பாய் போட்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து நீ திண்டிவனத்தில் என் கடைக்குள் வந்தாய். கடைக்குள் என்று எழுதும்போதே கை நிற்கிறது. ஒன்பது வருஷமாக நீ வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே பேசிவிட்டுப் போவாய். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருவாய், ஈஸ்டருக்கு வருவாய், கறிக்குழம்பை வழித்துச் சாப்பிடுவாய். நமக்குள் சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கடைப் படியை மிதிக்கமாட்டாய். அன்றைக்கு ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்து மேஜைமேல் வைத்தாய். உள்ளே படகின் பழைய ஜன்னல் ஒன்று, பழுத்த மஞ்சள் நிறத்தில், ஓரமெல்லாம் வெடித்து. "நாலும் இப்டிதான் கீதுப்பா. மழை பேஞ்சா உள்ள ஒழுவுது. இதுக்கு நீங்கதான் கரெக்டு" என்றாய். நான் ஸ்கேலை எடுத்து அளப்பதுபோல் குனிந்துகொண்டேன். என் முகத்தை நீ பார்க்கக் கூடாது என்றுதான் குனிந்தேன்.

"ஜன்னல்தான, நாளைக்கே போட்டுடலாம்" என்றேன். "ஜன்னல்னு சொல்லாதீங்கப்பா, இதுக்குப் பேரு போர்ட்லைட்" என்று சிரித்தாய். பேர் என்னவாக இருந்தால் என்ன, வெளிச்சம் வரவேண்டும், தண்ணீர் வரக்கூடாது, முப்பத்தைந்து வருஷமாக நான் பார்க்கிற வேலை அதுதானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் எல்லாம் கெட்டது.

அடுத்த நான்கு ஞாயிறும் என் வாழ்நாளில் நல்ல ஞாயிறுகள். பூசை முடிந்ததும் திண்டிவனத்திலிருந்து நான் பஸ்ஸில் வருவேன், புதுச்சேரியிலிருந்து நீ வண்டியில் வருவாய். அலுமினியச் சட்டங்கள் உப்பில் பூத்துப்போய்க் கிடந்தன. ஸ்குரூவின் தலை எது, துரு எது என்று தெரியவில்லை. நீ ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து கழற்றினாய். நானாக இருந்தால் உளியை வைத்து ஒரு தட்டு தட்டியிருப்பேன். பழைய பசையைச் சுரண்டியே ஒரு நாள் போனது. பழைய ஜன்னலைக் காலண்டர் அட்டைமேல் வைத்து நான் பென்சிலில் அச்சு எடுத்தேன். நீ அந்த அட்டையைக் கத்தரித்து ஓட்டையில் பொருத்திப் பார்த்து, "எப்டிப்பா ஒரு நூல்கூட தப்பல?" என்றாய். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன். அறுபத்திரண்டு வயதில் ஒருவனுக்கு அதைவிட என்ன வேண்டும்.

கண்ணாடி வேண்டாம், கனமான அக்ரிலிக்தான் வேண்டும் என்று நீயே ஷீட் வாங்கி வந்தாய். அது கண்ணாடி மாதிரி இல்லை என்று எனக்கு எத்தனை தடவை சொன்னாய்! "ஓட்டைய ஸ்குரூவவிட கொஞ்சம் பெருசா போடுங்கப்பா. வெயில்ல இது விரியும். எடம் இல்லன்னா ஓட்டைலருந்து வெடிச்சிக்கினு போவும். ஸ்குரூவ டைட் வெக்காதீங்க, சும்மா உக்காந்தா போதும்." எனக்கு ரோசம். இந்தக் கையால் எத்தனை வீட்டுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேன், எனக்கே பாடமா என்று உள்ளே ஒருத்தன் முறைத்தான். உன் முன்னால் ஓட்டையைப் பெரிதாகத்தான் போட்டேன். நீ டீ வாங்கப் போன நேரத்தில், சட்டம் ஆடக்கூடாது என்று ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் ஒரு முறுக்குக் கூடுதலாக வைத்தேன். அது என் கையின் பழக்கம். பழக்கம் என்று சொன்னால் குற்றம் குறைகிற மாதிரி இருக்கிறது. நீ இல்லாதபோது வைத்தேன் அல்லவா, அதனால் அது பழக்கம் மட்டும் இல்லை.

ஷீட்டின்மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் நீ மார்க்கரால் எழுதியிருந்தாய்: 'அப்பா, துடைக்க சோப்புத் தண்ணி மட்டும்.' படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். படித்துவிட்டுச் சிரித்தேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் கலையின் அப்பா அம்மா படகைப் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னாயே, அன்று காலை நான் முன்னாலேயே வந்துவிட்டேன். ஜன்னலில் சிலிக்கான் பசை அங்கங்கே தீற்றியிருந்தது. சோப்புத் தண்ணீரில் தேய்த்தேன், போகவில்லை. சம்பந்தி வீட்டார் வருகிற நேரம். கண்ணாடிக் கடைக்காரன் கையில் எப்போதும் என்ன இருக்கும்? ஒரு பாட்டில் பெயிண்ட் தின்னரும் ஒரு துண்டு பனியனும். நான்கையும் துடைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. கண்ணாடியை நான் அப்படித்தான் துடைப்பேன். கண்ணாடியைத் தின்னர் ஒன்றும் செய்யாது.

அன்றைக்குக் கலை குனிந்து உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது என்று அவள் அப்பா இரண்டு தடவை சொன்னார். நீ அவருக்கு விளக்கினாய்: "பாயில காத்து புடிச்சா படகு ஒரு பக்கமா சாயும் மாமா. அந்தப் பக்கத்து ஜன்னல் கொஞ்ச நேரம் தண்ணிக்குள்ளயேகூட போவும். ஒண்ணும் ஆவாது, அதுக்குத்தான் இது." நான் வெளியே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீருக்குள் போகிற ஜன்னல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழையைத் தடுக்கத்தான் நான் இதுவரை ஜன்னல் போட்டிருக்கிறேன். கலை உள்ளேயிருந்து சொன்னாள்: "மாமா போட்ட ஜன்னல்தானப்பா, எனக்கு இன்னா பயம்?" அவளுடைய அப்பாவும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். உன் மாமா வீட்டுக்கு வந்தவன், சும்மா ஒரு தடவை படகில் ஏறி உட்கார்ந்தேன். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக வந்தது. ஒவ்வொரு ஸ்குரூவைச் சுற்றியும் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். தூசி என்று நினைத்து விரலால் தேய்த்தேன். நகத்தால் சுரண்டினேன். கோடு மேலே இல்லை, உள்ளே இருந்தது. பார்க்கிற கோணம் மாறினால் மறைந்துவிடும். வெயில் நேராக அடிக்கிற நேரத்தில் நீ வந்து பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. அன்றைக்கு என் புத்தி எங்கே போனது தெரியுமா? இதை எப்படிச் சரிசெய்வது என்று போகவில்லை. கார் பாலிஷ் போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா என்று போனது. மறுநாள் பாலிஷ் வாங்கிவந்து போட்டும் பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதியே தீரவேண்டும்.

அப்படியும் மனது கேட்கவில்லை. கடையில் மிச்சமிருந்த துண்டு ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்து, நான் வைக்கிற அதே முறுக்கில் ஸ்குரூ வைத்தேன். தின்னரால் துடைத்தேன். மறுநாள் காலை அதே கோடுகள் வந்துவிட்டன. சுத்தியலின் மரப்பிடியால் லேசாக ஒரு தட்டு தட்டினேன். ஓட்டைக்கு ஓட்டை வெடித்து, துண்டு கையோடு வந்துவிட்டது. ஒரு அலை என்ன வேகத்தில் அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. மரப்பிடியைவிடக் குறைவாகவா அடிக்கும்? அந்தத் துண்டை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். பூட்டிவிட்டு, உனக்குப் போன் செய்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். கோபப்பட்டேன் சாமி, ஒரு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை சாமி, பக்கத்துக் கடைக்காரனைப் பற்றிப் புறம் பேசினேன் சாமி என்று வழக்கமான பட்டியலைச் சொன்னேன். ஜன்னல் விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. வேற ஏதாவது உண்டா என்று சாமியார் கேட்டார். இல்லை என்றேன். ஆக, பாவசங்கீர்த்தனத்திலேயே ஒரு பொய்யைச் சேர்த்துவிட்டு எழுந்து வந்தேன்.

எதற்காக இப்படிச் செய்தேன் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என்னுடைய இந்தக் குணத்தை முதலில் பார்த்தவன் நீதான், விழுப்புரத்தில். நாம் இரண்டு பேரும் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசுகிறேன்.

நீ பாலிடெக்னிக் கடைசிப் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாய். விழுப்புரத்தில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தில் மணமகள் அறைக்கு ஆளுயரக் கண்ணாடி மாட்டுகிற வேலை வந்தது. லோடு வண்டியில் இரண்டு பேரும் போனோம். நீ கண்ணாடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாய், நான் ஸ்குரூ வைத்தேன். "அப்பா, ரப்பர் வாஷர் போடலயே" என்றாய். "அதெல்லாம் வேணாம், புடி" என்றேன். கடைசி ஸ்குரூவுக்குக் கடைசி முறுக்கு வைக்கும்போது மூலையிலிருந்து சர்ரென்று ஒரு கோடு கிளம்பி மேலே ஓடியது. திரும்பிப் பார்த்தால் மண்டபத்துக்காரர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் மண்டபத்தில் முதல் கல்யாணம். "யாருய்யா வெடிக்க வெச்சது?" என்று கத்தினார். என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "பையன்தான் சார். படிக்கிற பையன், பழக்கம் இல்ல. டைட் வெச்சிட்டான்." ஸ்குரூடிரைவர் என் கையில் இருந்தது சேவியர். நீ அதைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு அவரிடம், "ஆமா சார், நான்தான். சாரி சார்" என்றாய்.

திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டில் டீக்கு நிறுத்தினேன். நீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாய், டீயின்மேல் ஆடை படிந்துவிட்டது. நான் டிரைவரிடம் அந்த வருஷத்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மழையைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. திண்டிவனம் வந்து சாமான் இறக்கும்போது நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். "அவர் முன்னாடி சொன்னீங்க, சரி. கூட்டேரிப்பட்டுலயாச்சும் எங்கிட்ட சொல்லுவீங்கன்னு பாத்தேன்பா." நான் காதில் விழாத மாதிரி ஷட்டரைத் தூக்கினேன். அடுத்த வாரம் புதுக் கண்ணாடியோடு உன்னைத் தனியாகத்தான் விழுப்புரத்துக்கு அனுப்பினேன். அவர் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கம். நீ மாட்டிவிட்டு வந்தாய். மறுநாள் புதுச்சேரியில் படகுப் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். ஊரில் எல்லாரும், பையனுக்குக் கடல் ஆசை என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு விழுப்புரம் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் வேறு யாரிடமாவது சொல்லிப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மண்டபத்துக்காரர் இப்போதும் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது, அதே நாற்காலி. என்னை அடையாளம் சொன்னேன். "சார், அன்னிக்கு அந்தக் கண்ணாடிய வெடிக்க வெச்சது எம்பையன் இல்ல. நான்தான்" என்றேன். அவர் சிரித்தார். "அது எனக்கு அப்பவே தெரியுமேய்யா. நீ முறுக்கறத வாசப்படில நின்னு பாத்துக்கினுதான இருந்தேன்."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் மேலே சொன்னார். "அடுத்த வாரம் ஒம்பையன் தனியா வந்தான் பாரு, அப்ப கேட்டேன். ஏன் தம்பி, முறுக்குனது ஒங்கப்பன், நீ ஏன் ஒத்துக்கினன்னு. அவன் இன்னா சொன்னான் தெரியுமா? இல்ல சார், நீங்க சரியா பாத்திருக்க மாட்டீங்க, எங்கப்பாவுக்குக் கண்ணாடில கை தப்பவே தப்பாது, நான்தான்னு சொன்னான். நான் எவ்ளோ கேட்டும் மாத்தல."

நான் அங்கே இல்லாதபோது, பொய் என்று தெரிந்த மனிதரிடம்கூட, நீ என்னை விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்பது வருஷம் இதை நீ என்னிடம் சொல்லவும் இல்லை. நீ என்மேல் கோபமாகத்தான் இருக்கிறாய் என்று நினைத்து, அந்தக் கோபத்துக்குப் பயந்து பயந்து நான் வாழ்ந்திருக்கிறேன். கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் போலிருக்கிறது. அங்கேயே அழுதுவிட்டேன். பெரியவர் சங்கடப்பட்டு ஃபேனைக் கூட்டி வைத்தார்.

அந்த அறையைத் திறந்து காட்டச் சொன்னேன். நீ மாட்டிய கண்ணாடி அப்படியே இருக்கிறது. ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஸ்டிக்கர் பொட்டுகள், இதுவரை அங்கே உட்கார்ந்து அலங்காரம் செய்துகொண்ட பெண்கள் ஒட்டிவிட்டுப் போனவை. ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் அடியில் ரப்பர் வாஷர் வைத்திருந்தாய். முறுக்கைத் தொட்டுப் பார்த்தேன். அளவாக, கண்ணாடி மூச்சு விடுகிற மாதிரி வைத்திருந்தாய். படிக்கிற பையன், பழக்கம் இல்லை என்று சொன்னேனே, உன் கை அன்றைக்கே என் கையைவிடப் பொறுமையான கையாக இருந்திருக்கிறது.

கல்யாணம் ஆனவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். உன் கல்யாணத்தன்று மைக்கைக் கொடுத்தபோது, ஒற்றுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். இப்போது சொல்கிறேன். கலையிடம் நீ என்றைக்காவது தப்புச் செய்வாய், செய்யாமல் இருக்கமாட்டாய். நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வாய் வராவிட்டால் பரவாயில்லை, வீட்டுக்குத் திரும்புகிற வழியிலாவது சொல்லிவிடு. டீக்கு நிறுத்துகிற இடத்தில் சொல். அதைத் தாண்டினால் வீடு வந்துவிடும், ஷட்டரைத் தூக்குகிற வேலை வந்துவிடும், அப்புறம் வருஷம் ஓடிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உனக்கு மட்டும். மற்றவர் தப்பை நீ உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அன்றைக்கு நீ செய்தது பெரிய மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ ஒரு முறைப்பு முறைத்து, "பொய் சொல்லாதீங்கப்பா" என்று சொல்லியிருந்தால், இந்த ஜன்னலில் அந்தக் கூடுதல் முறுக்கை வைக்க என் கை கொஞ்சம் யோசித்திருக்கும். பார், இப்போதும் உன்மேல் கொஞ்சம் பழியைத் தள்ளிவிட்டேன். அந்த வரியை அடிக்காமல் விட்டுவிடுகிறேன், நான் எப்படிப்பட்டவன் என்று நீ தெரிந்துகொள்ள அதுவும் இருக்கட்டும்.

இன்று காலை முதல் பஸ்ஸில் கிளியனூர் வந்தேன். உன் மாமாவிடம் ஏணி வாங்கிக்கொண்டேன். "இன்னா மச்சான், கல்யாணம் முடிஞ்சும் ஒங்க வேலை முடியலயா?" என்றார். முடியவில்லை என்றேன். உன் படகு ஜன்னல் நான்கையும் கழற்றிவிட்டேன். நீ செய்த மாதிரியே எண்ணெய் விட்டு, காத்திருந்து, உளி வைக்காமல் கழற்றினேன். இரண்டாவது ஜன்னலைச் சட்டத்திலிருந்து எடுக்கும்போது அது என் கையிலேயே இரண்டாகப் போனது. அலை வேண்டியிருக்கவில்லை, என் கையே போதுமானதாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இந்தப் படகின் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மாமா போட்ட ஜன்னல்தானே என்ற அந்தப் பெண்ணின் குரல் காதில் கேட்டது. மிச்சம் இரண்டையும் கழற்றிய பிறகுதான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். உள்ளே காற்று நன்றாக வருகிறது என்றேனே, நான்கு ஓட்டை வழியாகவும் வருகிறது. எழுதி முடித்ததும் உர மூட்டைப் பையை மடித்து நான்கிலும் கட்டிவிட்டுப் போகிறேன், மழை வந்தாலும் நனையாது.

நீ படுக்கிற பலகைமேல் புது அக்ரிலிக் ஷீட் வைத்திருக்கிறேன். நீ வாங்கிய அதே கனம், அதே நிறம். வெட்டவில்லை, ஓட்டை போடவில்லை, மேலே ஒட்டிய காகிதத்தைப் பிரிக்கவும் இல்லை. காலண்டர் அட்டை அச்சு நான்கும் பக்கத்தில் இருக்கிறது, அது மட்டும் தப்பில்லாதது, அதை வைத்துக்கொள். உடைந்த துண்டுகளையும் டிராயரில் பூட்டி வைத்த துண்டையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன், தூக்கிப் போடாதே, கலைக்கும் காட்டு. இந்தக் கடிதத்தையும் அவள் படிக்கட்டும். எந்த ஜன்னலை நம்பி அவள் கடலில் இறங்க இருந்தாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் அப்பாவிடம் நானே போய்ச் சொல்கிறேன். நீ எனக்காகப் பேசாதே, அவள் முன்னாலும் பேசாதே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இங்கே வருவேன். நீ கூப்பிட்டால் ஏணியில் ஏறுகிறேன், கூப்பிடாவிட்டால் களத்தில் உன் மாமாவோடு மல்லாட்டை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ ஓட்டை போடு, நீயே ஸ்குரூ வை. நான் கண்ணாடியைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறேன். அக்ரிலிக் என்று சொல்லியிருக்க வேண்டும், பழக்கத்தில் கண்ணாடி என்று எழுதிவிட்டேன்.

யாராவது கேட்டால் இப்படிச் சொல். விழுப்புரத்தில் கண்ணாடியை வெடிக்க வைத்தது யார் என்றால், எங்கப்பா. கிளியனூரில் ஜன்னலைக் கெடுத்தது யார் என்றால், எங்கப்பா. மண்டபத்துப் பெரியவர் கேட்டாலும் அதையே சொல்.

நான்தான், சேவியர்.

அப்பா